வீட்டில் சாக்லேட் வாஃபிள்: ஆவி நிற்கிற வரை

அரையாண்டு லீவுக்கு வந்த பேத்தியை ஒருநாள் மாலுக்குக் கூட்டிப் போனேன். சாக்லேட் வாஃபிள், மேலே நாலு துண்டு ஸ்ட்ராபெர்ரி, 220 ரூபாய். பாதி சாப்பிட்டுவிட்டு, "அப்பச்சி, இதை வீட்லயே செய்யலாமாம். மெஷின் விக்குதாம்" என்றாள். நானும் அந்தக் கடைப் பையன் செய்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாவை ஊற்றினான், மூடினான், எடுத்தான். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்து, "செஞ்சரலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் லீவு முடிந்து ஊருக்குப் போகிற வரை உருப்படியாக ஒரு வாஃபிள் வரவில்லை.

நான் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 31 வருஷம் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்தவன். சமையலில் எனக்கு வருவது ஆம்லெட்டும் அவசர உப்புமாவும்தான். ஆனால் மெஷின் என்றால் ஒரு தைரியம். வந்த பெட்டியைப் பிரித்ததும் முதலில் பின்பக்க ஸ்டிக்கரைத்தான் படித்தேன். 750 வாட்ஸ். 230 வோல்ட்டுக்குச் சுமார் 3.3 ஆம்பியர். மிக்ஸி மாட்டுகிற சாதா பிளக் பாயின்டே போதும். ஒரு மணி நேரம் விடாமல் ஓடினாலும் முக்கால் யூனிட். கரண்ட் பில்லுக்குப் பயந்து யாரும் வாங்காமல் இருக்க வேண்டியதில்லை. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு இதில் கிடையாது. சிவப்பு விளக்கு எரிந்தால் கரண்ட் வருகிறது, பச்சை எரிந்தால் தயார். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

முதல் நாள் கோகோ பவுடர் வீட்டில் இல்லை. பாலில் கலக்கிக் குடிக்கிற சாக்லேட் பவுடர் இருந்தது, அதைப் போட்டேன். அந்தப் பவுடரில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். மெஷினின் தட்டு 180, 190 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் சர்க்கரை பாகாகி, கட்டத்துக்குக் கட்டம் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. மூடியைத் தூக்கினால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து, பாதி மேல்தட்டிலும் பாதி கீழ்த்தட்டிலும் நிற்கிறது. சாயங்காலம் முழுக்க மூங்கில் குச்சியை வைத்துச் சுரண்டினேன். ஸ்பூனையோ கத்தியையோ எடுக்கவில்லை. நான்ஸ்டிக் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் தினமும் ஒட்டும் என்பது தோசைக்கல் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த நாள் சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடர் வாங்கி வந்தேன். ஒட்டவில்லை. பச்சை விளக்கு எரிந்ததும் எடுத்தேன். பார்க்க என்ன அழகு! கருநிறம், கட்டம் கட்டமாக அச்சு. பேத்தி ஒரு வாய் கடித்து, "உள்ள களி மாதிரி இருக்கு அப்பச்சி" என்றாள். அதற்கடுத்த முறை கூடுதல் நேரம் விட்டேன். நிறம் மாறவே இல்லை, ஆனால் கசந்தது. தீய்ந்திருக்கிறது.

இதில் எனக்கு இரண்டு வெட்கம். முதலாவது அந்தப் பச்சை விளக்கு. அது தெர்மோஸ்டாட்டுக்கான விளக்கு. தட்டு ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தொட்டதும் கரண்ட்டை வெட்டும், சூடு இறங்கினால் மறுபடி கொடுக்கும். மாவு வெந்ததா இல்லையா என்பது அதற்கு எப்படித் தெரியும்? தெர்மோஸ்டாட்டோடு 31 வருஷம் குடும்பம் நடத்திய எனக்கு அது உறைக்கவில்லை. காலி மெஷின் மாவு ஊற்றத் தயார் என்று சொல்ல மட்டும் அந்த விளக்கை நம்பலாம்.

இரண்டாவது, நிறம். சாதா வாஃபிள் வெள்ளையாகப் போய்ப் பொன்னிறமாக வெளியே வரும், பார்த்ததும் தெரிந்துவிடும். சாக்லேட் மாவு உள்ளே போகும்போதே கறுப்பு. வெந்ததும் கறுப்பு, தீய்ந்ததும் கறுப்பு. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

இதை நான் சமையலறையில் சத்தமாகப் புலம்பிக்கொண்டிருந்தபோது, அதுவரை ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்த என் வீட்டுக்காரம்மா சொன்னாள்: "ஏனுங்க, கச்சாயம் சுடறப்ப நெறத்தப் பாத்தா எடுக்கறோம்? வெல்லம் போட்ட மாவு, எண்ணெயில போட்டதுமே செவந்துக்கும். சலசலப்பு அடங்கோணும், நொரை நிக்கோணும். அப்பறந்தான எடுப்போம்?"

அங்கேதான் விஷயம் புரிந்தது. எண்ணெயில் சலசலப்பது எண்ணெய் இல்லை, மாவில் இருக்கிற தண்ணீர். அது ஆவியாகி வெளியேறுகிற வரைதான் குமிழியும் சத்தமும். தண்ணீர் இருக்கிற இடத்தில் மொறுமொறுப்பு வராது. வாஃபிள் மெஷினில் எண்ணெய் இல்லை, குமிழி இல்லை. ஆனால் அதே தண்ணீர் ஆவியாக மூடியின் இடுக்கு வழியாக வருகிறது. நான் அதைப் புகை என்று நினைத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். மாவை ஊற்றி மூடிய இருபதாவது விநாடியில் ஆவி கிளம்பியது. ஒன்றரை நிமிஷத்தில் பக்கவாட்டில் குக்கர் மாதிரி அடித்தது. மூன்றரை நிமிஷத்தில் மெலிந்தது. நாலே முக்காலில் கையை அருகே கொண்டுபோனால் சூடு மட்டும் தெரிந்தது, ஈரம் தெரியவில்லை. மெதுவாக மூடியைத் தூக்கினேன், இழுக்காமல் தானாகக் கழன்று வந்தது. உங்கள் மெஷினுக்கு நேரம் வேறாக இருக்கும். ஆவி நின்று கால் நிமிஷம் என்ற கணக்கு எந்த மெஷினுக்கும் சரியாக வரும். முதல் இரண்டு நிமிஷம் என்ன ஆசை வந்தாலும் மூடியைத் திறக்கக் கூடாது. மேல்தோலும் கீழ்த்தோலும் தட்டைப் பிடித்திருக்கும், நடு இன்னும் மாவாக இருக்கும், நடுவில்தான் கிழியும்.

இனி மாவு. ஐந்தாறு வாஃபிளுக்கு நான் இப்போது போடுகிற அளவு: மைதா 130 கிராம், அரிசி மாவு 40 கிராம், கோகோ பவுடர் 30 கிராம், சர்க்கரை 45 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இது ஒரு பாத்திரம். இன்னொன்றில் முட்டை 2, பால் 250 மில்லி, எண்ணெய் 40 கிராம், உருக்கிய நெய் 20 கிராம், வெனிலா சில சொட்டு. இரண்டையும் சேர்த்து, வறட்டு மாவு கண்ணில் படாத அளவுக்குக் கலக்கினால் போதும். தோசை மாவு மாதிரி அடித்துக் கலக்கினால் மைதா ரப்பராகும். சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கட்டும், பத்து நிமிஷம் மூடி வைத்தால் அவை தானாகக் கரையும். முட்டையின் வெள்ளைக் கருவைத் தனியாக நுரை வர அடித்துக் கடைசியில் மடித்துச் சேர்த்தால் உள்ளே பஞ்சாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அவசரத்தில் ஒரு வேலையை விடவேண்டும் என்றால் நான் விடுவது அதைத்தான்.

அரிசி மாவு என் கண்டுபிடிப்பு இல்லை. சோள மாவு (கார்ன்ஃப்ளவர்) போடச் சொல்லிப் பார்த்திருந்தேன். வீட்டுக்காரம்மாதான், "அச்சு முறுக்குக்கு அரிசி மாவுதான போடறோம், இதுவும் அச்சுதான?" என்றாள். சோள மாவைவிட இது ஒரு பங்கு தூக்கலாகவே மொறுமொறுத்தது. வெண்ணெயை விட்டுவிட்டு எண்ணெய்க்கும் நெய்க்கும் மாறியதும் ஈரக் கணக்குத்தான். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர், நெய்யில் அது இல்லை. சர்க்கரையை 45 கிராமுக்கு மேல் ஏற்றினால் முதல் நாள் கதை திரும்பும். இனிப்பு வேண்டுமென்றால் மேலே ஊற்றிக்கொள்ளலாம். சாக்லேட் துண்டுகளை மாவில் போடுவதையும் நிறுத்திவிட்டேன். தட்டில் படுகிற துண்டு கருகுகிறது.

முட்டை சேராத நாட்களில் பாலில் பாதிக்குப் பதில் புளித்த தயிர், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன். கொஞ்சம் மொறுமொறுப்பு குறையும், சாப்பிடலாம். சோடா போடும்போது கோகோ பவுடர் டப்பாவைப் படிப்பது நல்லது. சாதா கோகோ இயல்பிலேயே புளிப்பு. அல்கலி என்கிற காரப்பொருள் சேர்த்துப் பதப்படுத்திய கோகோ கறுப்பாக இருக்கும், புளிப்பு இருக்காது. 19-ம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் வான் ஹூட்டன் கண்டுபிடித்த முறை என்பதால் அதை டச்சுக் கோகோ என்கிறார்கள். புளிப்புப் பொருள் எதுவும் இல்லாமல் அதோடு சோடாவைச் சேர்த்தால் சோப்பு வாடை அடிக்கும். எனக்கு ஒருமுறை அடித்தது.

(கோகோ என்றதும் எங்கோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று பேத்தி நினைத்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு வந்தபோது ஆனைமலைப் பக்கம் சொந்தக்காரர் தோப்புக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். தென்னைக்கு நடுவே ஊடுபயிராக நிற்கிறது, அடிமரத்திலேயே காய் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. உடைத்தால் உள்ளே சீத்தாப்பழம் மாதிரி வெள்ளைச் சதை, இனிப்பும் புளிப்பும். விதையைக் கடித்துத் துப்பிவிட்டு, "இதுல சாக்லேட் எங்க இருக்கு?" என்றாள். அந்த விதையைச் சதையோடு ஐந்தாறு நாள் நொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்த பிறகுதான் அந்த வாசனையே வரும்.)

மெஷின் சூடானதும் எண்ணெயை பிரஷ்ஷால் லேசாகத் தடவுகிறேன். ஸ்பிரே அடித்தால் நாளடைவில் பிசுக்காகப் படிகிறது. ஒரு குழிக்கரண்டி மாவை நடுவில் ஊற்றி, ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டு மூட வேண்டும். மூடியே பரப்பிக்கொள்ளும். முழுக்க நிரப்பினால் வழிந்து கீல் இடுக்குக்குள் போய்க் காயும். துடைப்பது பிளக்கைப் பிடுங்கி, தட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போது, உலர்ந்த துணியால். இதைத் தண்ணீரில் முக்கிக் கழுவிவிட்டு என்னிடம் ரிப்பேருக்குக் கொண்டுவந்தவர்கள் தெருவில் இரண்டு பேர்.

சரி, நல்ல வாஃபிள் வந்துவிட்டது. அதைக் கெடுப்பதற்கு வீட்டில் எத்தனை வழி இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

முதல் நல்ல ஈட்டை, ஆறிவிடக் கூடாதே என்று, சப்பாத்தி வைக்கிற ஹாட் பாக்ஸில் போட்டு மூடினேன். பத்து நிமிஷத்தில் திறந்தால் பஞ்சு. மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கிறது. மில்லில் ஹியூமிடிட்டி பிளான்ட் பார்த்தவன் செய்கிற காரியமா இது? நூற்பு செக்ஷனில் காற்றின் ஈரப்பதத்தை 55, 60 சதவீதத்தில் நிறுத்தவே தனி டிபார்ட்மென்ட் உண்டு, குறைந்தால் நூல் அறும். இங்கே நான் அதே ஈரத்தைப் பெட்டிக்குள் அடைத்து வாஃபிளுக்குக் கொடுத்திருக்கிறேன். தட்டில் வைத்தாலும் அடிப்பக்கம் வேர்க்கும். கம்பிவலை மேல், அடியிலும் காற்று போகிற மாதிரி வைக்க வேண்டும். பரணில் ஒரு பழைய டேபிள் ஃபேனின் முன்கூடு இருந்தது. கழுவி எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரம்மா பார்த்த பார்வையில் அதைத் திரும்பப் பரணில் வைத்துவிட்டு, ஓவனின் கம்பித்தட்டை எடுத்தேன்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சூடாக வேண்டுமென்றால், சுட்டதை கம்பித்தட்டில் ஆறவிட்டு, பரிமாறும் முன் 180 டிகிரி ஓவனில் நாலு நிமிஷம். ஓவன் இல்லையென்றால் எண்ணெய் விடாத தோசைக்கல்லில், சின்னத் தீயில், பக்கத்துக்கு இரண்டு நிமிஷம். சென்னையில் இருக்கிற மச்சினனுக்கு இதே செய்முறையைச் சொன்னேன், பத்து நிமிஷத்தில் தொய்ந்துவிடுகிறது என்றான். கடற்காற்று. அவனுக்கு இந்த மறுசூடு கட்டாயம்.

பழத்துக்கு வருவோம். பெல்ஜியத்து வாஃபிளை அமெரிக்காவில் பிரபலமாக்கியது 1964 நியூயார்க் உலகக் கண்காட்சி. அங்கே பெல்ஜியத்தைச் சேர்ந்த வெர்மெர்ஷ் குடும்பம் ஸ்ட்ராபெர்ரியும் அடித்த க்ரீமும் வைத்து விற்றது. அந்த ஜோடிதான் இன்று நம் ஊர் மால் வரை வந்திருக்கிறது. நானும் பெட்டி ஸ்ட்ராபெர்ரி வாங்கி, நறுக்கி, சர்க்கரை தூவி, அரைமணி ஊறவைத்து, சாற்றோடு அப்படியே வாஃபிள் மேல் கவிழ்த்தேன். சர்க்கரை பழத்தின் தண்ணீரை வெளியே இழுத்துக் கிண்ணத்தில் குளம் கட்டியிருந்தது. ஆவியாக்கித் துரத்திய தண்ணீரை நானே திரும்ப ஊற்றிவிட்டேன். மேசைக்குப் போவதற்குள் ஊறிப்போன பன்.

இப்போது செய்வது: ஊறிய பழத்தை டீ வடிகட்டியில் ஐந்து நிமிஷம் வடியவிடுகிறேன். பழம் வாஃபிள் மேல். சாற்றைச் சின்ன வாணலியில் கரண்டியின் முதுகில் ஒட்டுகிற பதம் வரை சுண்டவைத்து, ஒரு கிண்ணத்தில் தனியாக. ஊற்றிக்கொள்கிறவர் ஊற்றிக்கொண்ட கையோடு சாப்பிட வேண்டும்.

ஸ்ட்ராபெர்ரிதான் வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் ஜெயித்தது கம்பம் பன்னீர் திராட்சை. கால் கிலோ திராட்சையை உதிர்த்து, கையால் பிசைந்து, இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சிட்டிகை உப்பும் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். மிக்ஸியில் அடித்தால் விதை உடைந்து துவர்க்கும். வடித்ததைச் சுண்டவைத்தால் கருஞ்சிவப்பில் ஒரு பாகு. கோகோவின் கசப்போடு அந்தப் பன்னீர் வாசம் சேரும்போது, கடையில் கொடுத்த 220 ரூபாய் நினைவுக்கு வரும்.

மாதுளை சோம்பேறிகளின் பழம், பல்லில் படுகிற வரை சாறு வெளியே வராது. வாஃபிளும் நனையாது. நேந்திரன் பழத்தை வட்டமாக நறுக்கி நெய்யில் நாட்டுச்சர்க்கரையோடு வதக்கிப் போட்டால் அதுவே ஒரு டிபன். மாம்பழம் பெரிய துண்டாக, சர்க்கரை இல்லாமல், கடைசி நிமிஷத்தில். மே மாதம் இமாம் பசந்த் கிடைத்தபோது பாகும் வேண்டாம், க்ரீமும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அன்னாசியைப் பச்சையாகப் போட்டுக் க்ரீமோ தயிரோ வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசக்கும், அதிலிருக்கிற நொதி பால் புரதத்தை உடைக்கிறது. ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும். தர்பூசணி பக்கம் போகவே வேண்டாம்.

சாக்லேட் சாஸில் ஒரு தடவை மாட்டினேன். கொதிநீர் மேல் கிண்ணம் வைத்து டார்க் சாக்லேட்டை உருக்கும்போது கரண்டியிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. மினுமினுத்துக்கொண்டிருந்தது ஒரே நொடியில் மணல் மணலாக இறுகிவிட்டது. கொட்டப் போனேன். பேத்திதான் பால் ஊற்றிப் பார்க்கலாம் என்றாள். சூடான பாலை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கலக்க, நாலாவது ஸ்பூனில் இளகிப் பளபளவென்று சாஸாகிவிட்டது. ஈரம் துளியாகச் சேர்ந்தால்தான் சாக்லேட் இறுகும். தாராளமாகச் சேர்த்தால் இளகும். இப்போதெல்லாம் 50 கிராம் சாக்லேட்டுக்கு நாலு ஸ்பூன் சூடான பாலை எடுத்த எடுப்பிலேயே ஊற்றிவிடுகிறேன்.

க்ரீம் மட்டும் எனக்கு இன்னும் வசப்படவில்லை. அட்டைப்பெட்டியில் வருகிற ஃப்ரெஷ் க்ரீமில் 25 சதவீதம்தான் கொழுப்பு, எவ்வளவு அடித்தாலும் நிற்காது. நிற்க வேண்டுமென்றால் 30-க்கு மேல் வேண்டும். விப்பிங் க்ரீம் வாங்கினால் கோயம்புத்தூர் ஏப்ரலில் அடிக்கும்போதே உருகுகிறது. அதனால் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ராத்திரி தொங்கவிட்டு, காலையில் தேனும் துளி ஏலக்காயும் சேர்த்துக் கலக்கி ஒரு கரண்டி வைக்கிறோம். ராத்திரி பைப்பில் கட்டித் தொங்கவிட்டால் காலையில் பாத்திரம் கழுவ வருகிறவருக்குக் கோபம் வருகிறது, அதற்கு ஜன்னல் கம்பியில் ஒரு கொக்கி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பேத்தி ஜூனில் ஊருக்குப் போகும்போது பன்னிரண்டு வாஃபிள் சுட்டு, நன்றாக ஆறவிட்டு, ஒவ்வொன்றாக பட்டர் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். ஃப்ரீசரில் ஒரு மாதம் தாங்கும், எடுத்த கையோடு டோஸ்டரில் போடலாம் என்று மகளிடம் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாளே போன் வந்தது. தீர்ந்துவிட்டதாம். மெஷின் என்ன விலை என்று மாப்பிள்ளை கேட்டார்.

எங்கள் மெஷினில் இப்போது வீட்டுக்காரம்மா புளித்த இட்லி மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அதற்கு ஆறு நிமிஷம் ஆகிறது.